அசிட்டும் ப்ளீச்சும் ஒரே கொட்டிலில்: சிறு தொழிலகங்களுக்கான பாதுகாப்பு வழிகாட்டி

திருகோணமலையில் கழிவறை கழுவும் திரவமும் ப்ளீச்சும் தயாரித்து, கடைகளுக்கும் நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்கும் கொடுக்க நினைப்பவர் மூன்று பொருட்களை நன்றாக அறிந்திருக்க வேண்டும்: 33 சதவீத ஐதரோகுளோரிக் அமிலம் (அசிட்), 10 சதவீத சோடியம் ஐப்போகுளோரைற்று (ப்ளீச்), செதிலாக வரும் கோஸ்டிக் சோடா. மூன்றுமே சுடும், அரிக்கும். ஆனால் ஆளைக் கொல்லக்கூடிய பெரிய ஆபத்து அசிட்டும் ப்ளீச்சும் கலப்பதில் இருக்கிறது. அப்போது வெளிவருவது குளோரின் வாயு.

அதற்கு எவ்வளவு போதும் என்று பாருங்கள். ப்ளீச் கானின் அடியில் 50 மில்லிலீற்றர் மிச்சம் இருக்கிறது. அதே கானில் ஒருவர் அசிட்டை ஊற்றுகிறார். ஏறத்தாழ ஒன்றே முக்கால் லீற்றர் குளோரின் கிளம்பும். 4 மீற்றர் நீள அகலமும் 3 மீற்றர் உயரமும் உள்ள அறையில் அது பரவினால் பத்து இலட்சத்தில் 36 பங்கு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்ட அளவு 10 பங்குதான். ஊற்றுபவரின் முகத்தருகே செறிவு இதைவிடப் பல மடங்கு.

அதனால் பிரிப்பை அரைகுறையாகச் செய்யக்கூடாது. தனி அறை, தனிப் புனல், தனி வாளி, தனிக் கையுறை, தனி வடிகால். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: இரண்டு அறைத் தரையையும் கழுவும் தண்ணீர் ஒரே வடிகாலில் சேர்ந்தால் வாயு அங்கே உருவாகும். பெயர்ச்சீட்டை மட்டும் நம்பவேண்டாம், ப்ளீச் பட்டால் மை வெளுத்துவிடும். அசிட் கானுக்கு ஒரு நிறம், ப்ளீச் கானுக்கு இன்னொரு நிறம் என்று கானையே வேறாக்குங்கள். பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். குளிர்பானப் போத்தலில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள்.

பரல் ஒழுகினால் வெளியே பரவாதபடி 200 லீற்றர் பரலைச் சுற்றித் தொட்டி கட்டுங்கள். அது பரலின் கொள்ளளவில் குறைந்தது 110 சதவீதம் கொள்ளவேண்டும், 1.2 மீற்றர் நீள அகலத்தில் 20 சென்ரிமீற்றர் சுவர் எழுப்பினால் 288 லீற்றர் பிடிக்கும். அசிட்டை இரும்புத் தட்டில் வைக்காதீர்கள். அதன் ஆவியும் கடற்காற்றும் சேர்ந்து தட்டின் கால்களைத் தின்றுவிடும். ப்ளீச் வெயிலில் நிற்கக்கூடாது. வெப்பம் 10 பாகை ஏறினால் அது சிதையும் வேகம் இரண்டு மூன்று மடங்காகும், ஒட்சிசன் வெளிவந்து கான் ஊதும். காற்றுத்துளை உள்ள மூடியே போடவேண்டும்.

கோஸ்டிக் கரைக்கும்போது எப்போதும் தண்ணீர் முதலில். தடித்த பிளாஸ்டிக் பீப்பாயில் 10 லீற்றர் தண்ணீர் எடுத்து, 1 கிலோ செதிலை 100 கிராம் 100 கிராமாகத் தூவிக் கலக்குங்கள். 30 பாகைத் தண்ணீர் 55 பாகை வரை ஏறலாம். மாறாகச் செதிலின் மேல் தண்ணீரை ஊற்றினால் அடியில் கட்டியாகி, ஓரிடத்தில் கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், ஐதரசன் கிளம்பும். அசிட்டுக்கும் இதே ஒழுங்குதான்: 10 சதவீதக் கரைசல் 10 கிலோ செய்ய 7 லீற்றர் தண்ணீர் எடுத்து, அதில் 3 கிலோ அசிட்டை, அதாவது ஏறத்தாழ 2.6 லீற்றரை, மெதுவாக ஊற்றவேண்டும்.

இந்த வேலைகளுக்குக் கண்ணை முழுதாக மூடும் கண்ணாடியும், அதன்மேல் முகமறைப்பும், முழங்கை வரை வரும் பீவீசீ கையுறையும் கட்டாயம். காற்சட்டையைச் சப்பாத்துக்கு வெளியே விடுங்கள், உள்ளே செருகினால் சிந்தியது காலில் தேங்கும். துணி மாஸ்க், சத்திரசிகிச்சை மாஸ்க் எதுவும் வாயுவைத் தடுக்காது. வடிகட்டிக் குப்பி போட்ட முகமூடி தப்பி வெளியேறத்தான். அதைப் போட்டுக்கொண்டு வாயு நிறைந்த அறைக்குள் போகாதீர்கள்.

கண் கழுவும் குழாய் பத்து வினாடியில் எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். நமது ஊர் வெயிலில் கூரைத் தாங்கியும் கறுப்புக் குழாயும் மத்தியானம் கொதிக்கும், அந்தத் தண்ணீரில் ஒருவராலும் 15 நிமிடம் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாது. குழாயை நிழலில் கொண்டுவாருங்கள், தினமும் காலையில் திறந்து பாருங்கள். கண்ணில் கோஸ்டிக் பட்டால் அரை மணி நேரம் கழுவுங்கள். எலுமிச்சையோ வினாகிரியோ விடக்கூடாது.

அசிட் சிறிதாகச் சிந்தினால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அப்பச்சோடாவைத் தூவுங்கள், நுரை நின்றபின் அள்ளுங்கள். ப்ளீச் சிந்தினால் மணல் போடலாம், மரத்தூள் தீப்பிடிக்கக்கூடும்.

குளோரின் மணம் வந்தால் காரணம் தேட நிற்கவேண்டாம். அது காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையோடு பரவும், குனியாமல் வெளியேறுங்கள். கச்சான் காலத்திலும் வாடைக் காலத்திலும் காற்று வேறு வேறு திசையிலிருந்து வருவதால், கொட்டிலுக்கு எதிரெதிராக இரண்டு கதவு வைத்து, வெளியே ஒரு துணிப்பட்டையைக் கட்டிவிடுங்கள். அதைப் பார்த்துக் காற்று வரும் பக்கம் ஓடலாம். வாயு அந்தப் பக்கமே இருந்தால் குறுக்கே ஓடுங்கள். அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள். இருமல் நின்றுவிட்டாலும் ஆளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்: சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கட்டலாம். பொருளின் பாதுகாப்புத் தரவுத்தாளையும் ஆளோடு வைத்தியசாலைக்குக் கொடுத்துவிடுங்கள். அதன் 4ஆம் பகுதியில் முதலுதவி இருக்கிறது.