எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை ஒன்று தொற்றை 44 விழுக்காடு குறைத்தது என்று படித்தால், அதை உட்கொண்ட நூறு பேரில் 44 பேர் தப்பினார்கள், மற்ற 56 பேருக்குத் தொற்று வந்துவிட்டது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த 44 என்ற எண், 2010 இல் வெளியான ஐபிரெக்ஸ் ஆய்வின் முடிவு. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களும் திருநங்கையருமாக 2,499 பேர் அதில் கலந்துகொண்டனர். பாதிப் பேருக்கு மருந்தும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் தரப்பட்டன. ஆணுறையும் ஆலோசனையும் எல்லோருக்கும் கிடைத்தன. போலி மாத்திரை பெற்றவர்களில் 64 பேருக்கும், மருந்து பெற்றவர்களில் 36 பேருக்கும் தொற்று ஏற்பட்டது. 64 என்பது 36 ஆகக் குறைந்ததைத்தான் அந்த 44 விழுக்காடு சொல்கிறது. ஏறத்தாழ 1,250 பேரில் 36 பேர் என்பதற்கும் நூற்றுக்கு 56 பேர் என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

இதைவிடப் பெரிய தவறு, அந்த எண்ணை மருந்தின் வலிமை என்று கருதுவது. ஐபிரெக்ஸில் கலந்துகொண்டு மருந்து பெற்ற பலர் அதை ஒழுங்காக விழுங்கவில்லை. இரத்தத்தில் மருந்து காணப்பட்டவர்களிடம் மட்டும் கணக்கிட்டபோது பாதுகாப்பு 90 விழுக்காட்டைத் தாண்டியது. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் 5,029 பெண்களிடம் நடந்த வாய்ஸ் ஆய்விலோ மருந்தால் பலன் ஏதும் தெரியவில்லை. தினமும் எடுத்துக்கொள்வதாகவே பெரும்பாலான பெண்கள் கூறியிருந்தனர். ஆனால் இரத்த மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றில்தான் மருந்து தென்பட்டது. 'இந்த மாத்திரை பெண்களுக்குப் பயன்படாது' என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பிழை, ஏனெனில் கென்யாவிலும் உகாண்டாவிலும் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த தம்பதியரிடம் நடந்த ஆய்வில் அதே மாத்திரை தொற்றை 75 விழுக்காடு குறைத்தது. பெண்களும் அதில் பயன் பெற்றனர். 'பெண்கள் பொய் சொன்னார்கள்' என்று கடந்து போவதும் பிழையே. எச்.ஐ.வி. நோயாளிகள் உண்ணும் மாத்திரையின் டப்பா வீட்டில் இருந்தால் கணவனும் அக்கம்பக்கத்தாரும் என்ன நினைப்பார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்ததைப் பின்னர் நடந்த நேர்காணல்கள் காட்டின. எதையும் வாயால் கேட்டுப் பதிவு செய்வதோடு நின்றுவிடும் ஆய்வு, பதில் சொல்பவரைக் காட்டிலும் கேள்வி கேட்பவரையே அதிகம் ஏமாற்றுகிறது என்பது என் எண்ணம்.

2024 இல் வெளியான பர்ப்பஸ் 1 ஆய்வு இதையே வேறு விதமாக உறுதிப்படுத்தியது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் லெனாகபவிர் ஊசி பெற்ற 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. தினசரி மாத்திரை பெற்ற பிரிவுகளில் 55 பேருக்கு வந்தது. அங்கும் பலர் மாத்திரையைத் தொடரவில்லை. இந்த ஊசியை 'எய்ட்ஸ் தடுப்பூசி' என்று எழுதுவது அடுத்த தவறு. ஆறு மாதங்களுக்கு ஒரு முறை தோலுக்கு அடியில் செலுத்தப்படும் இது ஒரு மருந்து. உடலின் எதிர்ப்பாற்றலுக்கு இது எதையும் கற்றுத் தருவதில்லை. அடுத்த ஊசியைப் போடாவிட்டால் மருந்து மெல்லக் கரைந்து, பாதுகாப்பும் அதனுடன் போய்விடும். தடுப்பூசித் தேடலின் கதை வேறு: 2009 இல் தாய்லாந்தில் 16,000க்கும் மேற்பட்டோரிடம் சோதிக்கப்பட்டு 31 விழுக்காடு பலன் தந்ததாக அறிவிக்கப்பட்ட அணுகுமுறை, தென்னாப்பிரிக்காவில் மீண்டும் சோதிக்கப்பட்டபோது பலனளிக்காததால் 2020 இல் நிறுத்தப்பட்டது.

கொள்கை வகுப்போர் நெடுங்காலம் செய்த தவறு, சிகிச்சைக்கும் தடுப்புக்கும் நடுவே கோடு கிழித்தது. சென்னையும் ஒரு களமாக இருந்த எச்.பி.டி.என். 052 ஆய்வில் 1,763 தம்பதியர் பங்கேற்றனர். தொற்று உள்ளவருக்கு உடனே எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து தொடங்கினால் துணைவருக்குப் பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என்று அது 2011 இல் காட்டியது. ஆனாலும் உடலின் எதிர்ப்பாற்றல் அணுக்கள் குறையும்வரை சிகிச்சையைத் தொடங்காமல் காத்திருக்கும் வழக்கம் உடனே மறையவில்லை. தொற்று உறுதியான எல்லோருக்கும் சிகிச்சை என்ற கொள்கை இந்தியாவில் 2017 இல்தான் வந்தது. தொடர்ந்து மருந்து உண்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவாது. அதைக் குணமடைந்ததாகக் கருதி மருந்தை நிறுத்தினால் வைரஸ் திரும்பப் பெருகும்.

ஓர் ஆய்வை அவசரமாக நம்புவதைப் போலவே, சான்று போதாது என்று இழுத்தடிப்பதும் தவறுதான். தென்னாப்பிரிக்காவில் அப்போதைய அதிபர் தாபோ எம்பெக்கியின் அரசு, எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்றே ஐயம் எழுப்பி, தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதைத் தடுக்கும் நெவிரபைன் மருந்தைப் பொது மருத்துவமனைகளில் பரவலாக வழங்கத் தயங்கியது. 2002 இல் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. நெவிரபைன் உள்ளிட்ட எச்.ஐ.வி. மருந்துகளை வழங்குவதில் அந்த அரசு செய்த தாமதத்தால் 3,30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் என்றும், ஏறத்தாழ 35,000 குழந்தைகள் தொற்றுடன் பிறந்தன என்றும் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008 இல் மதிப்பிட்டனர்.