நத்தை தின்னும் மீன் இருக்கும் ரீஃப் டேங்கில் பாசி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கம் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருப்பவர்கள் சரக்குக்குப் பெரும்பாலும் சென்னை கொளத்தூரைத்தான் நம்பியிருக்கிறார்கள். காட்பாடியில் ரயிலேறிப் போய், பாசியை மேய ஒரு பை நிறைய நத்தை வாங்கி வந்து விடுகிறார்கள். தொட்டியில் நத்தை தின்னும் மீன்களான ட்ரிக்கரோ பஃபரோ வளர்ந்த ராஸோ இருந்தால், சில நாளில் மணல் மேல் வெற்று ஓடுதான் மிஞ்சும். பாசி அப்படியே இருக்கும். அடுத்த மாதம் மறுபடி ஒரு பை.

இங்கே தவறு மீனுடையது இல்லை. பஃபரின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும்; ஓட்டைக் கடித்து அரைத்தால்தான் அவை தேயும். ராஸுக்குத் தொண்டைக்குள்ளேயே நொறுக்கும் பற்கள் உண்டு. நத்தையைப் பார்த்தால் அவை தின்னத்தான் செய்யும்.

உண்மையான தவறு, பாசியைக் குறைப்பது நத்தை என்று நினைப்பதில் இருக்கிறது. நத்தை பாசியை மேய்கிறது, சரி. ஆனால் அந்தப் பாசிக்குள் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் நத்தையின் கழிவாகத் திரும்பத் தண்ணீருக்கே வருகின்றன. தொட்டியை விட்டு வெளியே எதுவும் போகவில்லை. அந்த நத்தையையும் மீன் தின்றுவிட்டால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்டது விலை உயர்ந்த தீவனம். அதன் கழிவு பாசிக்கு உரம். நத்தை பிழைக்கிற தொட்டியில் கண்ணாடியும் பாறையும் பார்க்கச் சுத்தமாக இருப்பதால் இந்தக் கணக்கு மறைந்துகிடக்கும். உங்கள் தொட்டியில் அது மறையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சிலர் இன்னொரு குறுக்கு வழி பார்க்கிறார்கள். ஏரியிலும் வயலிலும் நத்தை சும்மா கிடைக்கிறதே, மீன் தின்றாலும் நஷ்டமில்லை என்று கொண்டுவந்து போடுவது. வேண்டவே வேண்டாம். நன்னீர் நத்தை கடல்நீர் அளவான 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) உப்பில் சீக்கிரமே செத்துப்போகும். மீன் தொடாதது பாறை இடுக்கில் அழுகி அம்மோனியாவைக் கிளப்பும். வயலில் அடித்த பூச்சிமருந்து கூடவே வந்தால் இறாலும் நண்டும் முதலில் போகும்.

மீனைக் குற்றம் சொல்வதற்கு முன் நத்தை ஓட்டை எடுத்துப் பாருங்கள். விளிம்பு உடைந்தோ நொறுங்கியோ இருந்தால் பெரும்பாலும் மீன் வேலை, அல்லது நண்டு. முழுசாக, காலியாக இருந்தால் வேறு காரணத்தையும் தேட வேண்டும். நத்தை, உப்பளவு திடீரென்று மாறுவதைத் தாங்காது. ரயிலில் சூடேறி வந்த பையைப் பிரித்து நேராகக் கவிழ்த்தால் மறுநாளே செத்துவிடலாம். சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து பழக்க வேண்டும்.

வேலூர்க்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது டாப்-அப் தண்ணீரை. சித்திரை, வைகாசி வெயிலில், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டிக்கு ஃபேன் போட்டே ஆக வேண்டும். ஃபேன் போட்டால் தண்ணீர் ஆவியாகிக் குறையும். உப்பும் மற்றதும் தொட்டியிலேயே தங்கும். குறைந்ததை ஈடுகட்ட ஊற்றும் நல்ல தண்ணீரில் சிலிகேட்டோ பாஸ்பேட்டோ நைட்ரேட்டோ இருந்தால் பாசிக்குத் தீனியான அவையும் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். போர் தண்ணீரையும் காவிரிக் கூட்டுக்குடிநீரையும் நேரடியாக யாரும் ஊற்ற மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஏமாற்றுவது சமையலறை ஆர்.ஓ. தான். பல மாடல்களில் ருசிக்காக டி.டி.எஸ். (கரைந்த உப்பளவு) கன்ட்ரோலர் வைத்திருப்பார்கள், அது வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துதான் கொடுக்கும். குடிக்க நல்லது, ரீஃபுக்கு இல்லை. கேன் தண்ணீரும் இதே கதை. ஆர்.ஓ. மெம்பிரேனுக்குப் பிறகு, மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் வைத்து, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

தீவனத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ட்ரிக்கரும் பஃபரும் பெருந்தீனிக்காரர்கள், போட்டதையெல்லாம் தின்னும். அவை கேட்கிற அளவுக்குப் போடாதீர்கள். உறைந்த இறாலை உருக்கிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

நத்தைக்குப் பதில் பாசி மேயும் மீன் என்று அடுத்து யோசிப்பது நியாயம்தான். அங்கேயும் சறுக்குகிறார்கள். நூறு லிட்டர் தொட்டியில் மஞ்சள் டேங் மீனை அடைப்பது பாசிக்கும் தீர்வில்லை, மீனுக்கும் வாழ்வில்லை. நானூறு லிட்டருக்குக் குறைந்தால் டேங் பக்கமே போக வேண்டாம் என்பது என் கட்சி. ஃபாக்ஸ்ஃபேஸ் மீன் முடிப்பாசியை நன்றாக மேயும். நம் கடற்கரையில் ஓரா என்று சொல்கிற மீனின் உறவு அது. முதுகு முள்ளில் விஷம் உண்டு, தொட்டிக்குள் கைவிடும்போது கவனம். பசித்தால் பவளத்தையும் கொறிக்கும், அதனால் நோரி (உலர்ந்த கடற்பாசித் தாள்) கட்டிவிட வேண்டும். லான்மோவர் பிளென்னி மீன் சின்னத் தொட்டிக்கு ஏற்றது. பாசி தீர்ந்தபின் சிலது வேறு தீவனம் எடுக்காமல் மெலிந்து சாகும். வயிறு ஒட்டுகிறதா என்று பாருங்கள். கடல் முள்ளெலியை ட்ரிக்கர் கவிழ்த்துப் போட்டுத் தின்றுவிடும், அந்தச் செலவு வேண்டாம்.

சத்தை வெளியேற்றுகிற வேலையை மீன் எட்டாத இடத்துக்கு மாற்றுவதுதான் இந்த மாதிரித் தொட்டிக்குச் சரியான வழி. சம்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) கீட்டோ என்ற பாசியை வளர்த்து வாரம் ஒரு பிடி அள்ளி வெளியே போடலாம். அல்லது சொரசொரப்பாக்கிய பிளாஸ்டிக் வலையில் தண்ணீரை வழியவிட்டு, பலமான விளக்கைக் காட்டி, வளர்கிற பாசியைச் சுரண்டி எறியலாம். பாசி ஸ்க்ரப்பர் என்கிற இந்த முறையை ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஏடி உருவாக்கினார். குப்பைக்கூடைக்குப் போகும் ஒவ்வொரு கைப்பிடியும் தொட்டியிலிருந்து நிஜமாகவே கழிந்த சத்து. இந்தப் பாசி விளக்கை இரவில் எரியவிட்டால், தொட்டியின் பி.எச். (அமில-கார அளவு) இரவில் இறங்குவதும் குறையும். பாறையில் ஏற்கெனவே தழைத்திருக்கும் முடிப்பாசியைத் தொட்டிக்குள்ளேயே தேய்க்காதீர்கள், துண்டுகள் பரவும். பாறையை வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் டூத்பிரஷால் தேயுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வெறுத்துப்போய் பாஸ்பேட் ரிமூவரைக் கொட்டி எல்லாவற்றையும் பூஜ்யமாக்குவது. பவளம் வெளிறும், காலியான இடத்தில் டைனோ என்ற நுண்ணுயிர் வந்து பழுப்பு நூலாக, குமிழோடு படரும். அதற்கு முடிப்பாசியே தேவலாம். நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரை இருந்தால் பதற வேண்டாம்.

பழைய பாறையை மாற்றினால் பாசி போய்விடும் என்று சொல்லி, மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த பவளப் பாறையை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன.

நத்தை வேண்டவே வேண்டாமா என்றால், ராஸ் மட்டும் இருக்கும் தொட்டியில் பெரிய டர்போ நத்தை பிழைக்க வாய்ப்புண்டு. விளக்கணைந்து ராஸ் மணலுக்குள் புதைந்தபின், கால் பக்கம் பாறையில் படும்படி வையுங்கள். கவிழ்ந்துகிடந்தால் விடியும்போது அதுதான் ராஸின் காலை உணவு. ட்ரிக்கர், பஃபர் தொட்டியில் இதுவும் செல்லாது. அங்கே நத்தைக்கு இடம், தண்ணீர் வழிந்து சம்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டிதான். தண்ணீர் நுழையும் அதன் பல்வரிசையில் பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். குழாய் வாயில் மட்டும் ஒரு வலை போட்டுவிடுங்கள், இல்லையென்றால் நத்தை உருண்டுபோய் அடைத்துக்கொண்டு தரையெல்லாம் உப்புத் தண்ணீராகிவிடும்.