காது குத்தின புண்: எது சீழ், எது அலர்ஜி, எதற்கு டாக்டர்?

போன வைகாசியில் தங்கச்சி மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்தினோம். நாலாம் நாள் சாயங்காலம் தங்கச்சி போன் பண்ணி, "அக்கா, காதெல்லாம் மஞ்சளா இருக்குது, சீழ் புடிச்சிருச்சா?" என்று அழாத குறை. வீடியோவில் பார்த்தால், தோட்டைச் சுற்றி அமுச்சி (பாட்டி) குழைத்துப் போட்ட மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் காய்ந்து அப்பியிருந்தது, திருகாணியில் ஒரு தலைமுடி சுற்றியிருந்தது. சலைனில் (மருந்துக் கடை உப்புநீரில்) நனைத்துத் துடைத்த அப்புறம்தான் லேசான சிவப்பும் வெளிறிய பொருக்கும் மட்டும் தெரிந்தது. அது ஆறும் புண்.

ஈரோட்டு மஞ்சளே ஆனாலும் புதுப் புண்ணில் போடாதீர்கள். சமையல் மஞ்சள் கிருமி நீக்கியது இல்லை, அது போக உள்ளே சீழ் வந்தாலும் நிறத்தை மறைத்துவிடும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9% நார்மல் சலைனை சுத்தமான காஸ் துணியில் நனைத்து, காதின் முன்னும் பின்னும் ஒத்தி எடுங்கள், காலையும் ராத்திரியும். பொருக்கு ஊறி தானாக வந்தால் சரி, நகத்தால் பிய்க்க வேண்டாம். தோட்டைத் திருகிக்கொண்டே இருந்தால் ஓட்டை மூடாது என்பார்கள், ஆனால் ஒவ்வொரு திருகலுக்கும் ஆறின தோல் திரும்பக் கிழியும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் வேண்டாம். திருகாணியை இறுக்காதீர்கள், காது வீங்கினால் அது சதைக்குள் புதைந்துவிடும்.

அரிப்பு, செதில், சின்னச் சின்னக் கொப்புளம், அதுவும் இரண்டு காதிலும் என்றால் பெரும்பாலும் நிக்கல் அலர்ஜி. கவரிங் தோட்டில்தான் இது அதிகம். டாக்டரிடம் காட்டி, நிக்கல் இல்லாத தோட்டுக்கு மாற்றுங்கள்.

நாள் ஆக ஆக வலி கூடுகிறது, தொட்டால் சுடுகிறது, கெட்டியான மஞ்சள் பச்சைச் சீழ், காய்ச்சல் என்றால் அது தொற்று. அப்போது பயந்துபோய் தோட்டை நீங்களே கழற்றிவிடாதீர்கள், ஓட்டை மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிவிடலாம். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். மேல்காதில், குருத்தெலும்பில் குத்தினவர்களுக்கு இப்படி வலியும் வீக்கமும் வந்தால் அன்றைக்கே போங்கள். அங்கே ரத்த ஓட்டம் கம்மி, தொற்று முற்றினால் காதின் வடிவமே சுருங்கிப்போகும்.

குழந்தைக்கு டெட்டனஸ் தடுப்பூசி பாக்கி இல்லையா என்று குத்துவதற்கு முன்னாடியே அட்டையைப் பாருங்கள்.

காது மடல் ஆற 6 முதல் 8 வாரம் ஆகும், மேல்காதுக்கு மாசக்கணக்கில். அதுவரை தோடு காதிலேயே இருக்கட்டும். விருந்து முடிந்த கையோடு கொடிவேரிக்கும் பவானி கூடுதுறைக்கும் குளிக்கக் கூட்டிப் போகிறவர்கள், புண்ணில் ஆற்றுத் தண்ணீர் படாமல் குழந்தையைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள்.