மும்பையில் முதல் வேலை: வீட்டுக்கு முன் ரயில் பாதையைத் தேர்ந்தெடுங்கள்

கல்லூரி முடித்த கையோடு மும்பையில் வேலை கிடைத்த தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "வாடகை எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, "அலுவலகம் எந்த ரயில் பாதையில் இருக்கிறது?" என்ற கேள்வி. கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் இந்நகரில், ரயிலில் கழியும் நேரம்தான் உங்கள் உறக்கத்தையும் உணவையும் உடல்நலத்தையும் முடிவு செய்கிறது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

படி 1: கைக்கு வரும் சம்பளத்தைக் கணக்கிடுங்கள்

வேலைக் கடிதத்தில் ஆண்டுக்கு 6 லட்சம் என்றிருந்தால் மாதம் 50,000 ரூபாய் கைக்கு வரும் என்று எண்ணிவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, அதாவது 25,000 ரூபாய் என்று கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு உங்கள் பங்காக 12 விழுக்காடும் அந்த 6 லட்சத்துக்குள்ளேயே கணக்கிடப்படும் நிறுவனத்தின் பங்காக 12 விழுக்காடும் சேர்ந்து 6,000 ரூபாய் போகும். பணிக்கொடைக்காக (கிராஜுவிட்டி) ஏறத்தாழ 1,200 ரூபாயும், மகாராஷ்டிரத்தின் தொழில் வரியாக 200 ரூபாயும் (பிப்ரவரியில் மட்டும் 300) கழியும். மீதம் சுமார் 42,600 ரூபாய். உங்கள் எல்லாத் திட்டங்களும் இந்தத் தொகையிலிருந்தே தொடங்க வேண்டும்.

படி 2: ஊரிலிருந்தபடியே வீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்

படங்களை மட்டும் பார்த்துவிட்டு, "வேறொருவர் கேட்கிறார், உடனே டோக்கன் தொகை அனுப்புங்கள்" என்ற புரோக்கரின் அவசரத்துக்கு இணங்கிப் பணத்தை இழந்தவர்களை நான் அறிவேன். முதல் மாதத்துக்கு, அலுவலகத்துக்கு அருகில் ஒரு பேயிங் கெஸ்ட் விடுதியில் கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அறை சிறியதாக இருக்கும், தனிமையும் கிடைக்காது. ஆனால் அந்த ஒரு மாதம் நகரத்தைப் படிப்பதற்கானது.

படி 3: ரயில் பாதையைப் படியுங்கள்

புறநகர் ரயிலில் மூன்று பாதைகளை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சர்ச்கேட்டிலிருந்து அந்தேரி, போரிவலி வழியாக விராரை நோக்கிச் செல்வது மேற்குப் பாதை. சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) நிலையத்திலிருந்து குர்லா, தாணே, கல்யாண் என்று செல்வது மத்தியப் பாதை. அதே நிலையத்திலிருந்து வடாலா, குர்லா வழியாக வாஷி, பன்வேல் பக்கம் செல்வது ஹார்பர் பாதை. முதல் இரண்டும் தாதரில் சந்திக்கின்றன. அவற்றில் எல்லா நிலையங்களிலும் நிற்கும் ஸ்லோ ரயிலும், சிலவற்றில் மட்டும் நிற்கும் ஃபாஸ்ட் ரயிலும் உண்டு. ஹார்பர் பாதையில் ஸ்லோ மட்டுமே. ஹார்பர் பாதை செல்லும் நவி மும்பையில் வாடகை குறைவு என்று மகிழ்பவர்கள் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு: உங்கள் அலுவலகம் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கிறது. பெயரிலேயே வழி இருக்கிறது. மேற்குப் பாதையில் வருபவர் பாந்த்ராவிலும், மத்தியப் பாதையில் வருபவர் குர்லாவிலும் இறங்கிப் பேருந்தோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து மூன்றாம் மெட்ரோ பாதையும் அங்கே நிற்கிறது. அந்தேரி கிழக்கில் வேலை என்றால், தாணே, டோம்பிவலி பக்கம் வசித்தாலும் தாதர் வரை சுற்ற வேண்டியதில்லை. மத்தியப் பாதையிலேயே வரும் காட்கோபரில் இறங்கினால் 2014 முதல் ஓடும் முதல் மெட்ரோ பாதை நேரே அந்தேரிக்குக் கொண்டுசேர்க்கும்.

குறைந்த வாடகைக்காக நீங்கள் நினைத்திருக்கும் நிலையத்திலிருந்து, ஒரு வேலை நாளின் காலை எட்டரை மணிக்கு உண்மையாகவே ஒருமுறை ரயிலேறிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் பயனில்லை. அன்று கூட்டமும் வேறு, பராமரிப்புக்காக மெகா பிளாக் அறிவித்து ரயில்களையும் குறைப்பார்கள். பையை முதுகிலிருந்து கழற்றி மார்போடு அணையுங்கள். ரயில் அரை நிமிடம்கூட நிற்காது என்பதால், இரண்டு நிலையங்களுக்கு முன்பே வாசலை நோக்கி நகரத் தொடங்குங்கள். முன்னால் நிற்பவரிடம் "தாதர் உதர்னா ஹை க்யா?" (தாதரில் இறங்க வேண்டுமா?) என்று கேட்பது இங்கே எல்லோரும் கடைப்பிடிக்கும் வழக்கம். அந்தப் பயணம் தினமும் தாங்கும் என்று தோன்றிய பிறகே அங்கே வீடு பாருங்கள். மாதம் 3,000 ரூபாய் மிச்சப்படுத்த நாளுக்கு மூன்று மணி நேரத்தைக் கொடுப்பது, 22 வயதிலும் உடலை அரித்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. பாதை முடிவானதும் மாதாந்திர சீசன் டிக்கெட் வாங்கிவிடுங்கள்.

தமிழ் முகங்களைத் தேடி மாட்டுங்காவில் வீடு பார்க்க ஆசை வரும். அங்கே வாடகை கூடுதல். ஆனால் மாட்டுங்கா, மாட்டுங்கா ரோடு, கிங்ஸ் சர்க்கிள் என்று மூன்று பாதைகளிலும் அதற்கு நிலையம் உண்டு. எங்கே வசித்தாலும் மல்லிகைப் பூவுக்கும் வாழையிலைக்கும் காபிப் பொடிக்கும் போய்வந்துவிடலாம். ஊர் நினைவு வாட்டும் வாரங்களில் கட்டாயம் போங்கள்.

படி 4: மூவராகச் சேர்ந்து வீடு தேடுங்கள்

மணமாகாதவர்களுக்கும் அசைவம் சமைப்பவர்களுக்கும் வீடு தர மறுக்கும் சொசைட்டிகள் (குடியிருப்போர் சங்கங்கள்) இருக்கின்றன. இது வருத்தத்துக்குரியது, ஆயினும் வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே புரோக்கரிடம் கேட்டுவிட்டால் வீண் அலைச்சலும் மனக்கசப்பும் குறையும். தண்ணீர் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வருகிறது என்பதையும் கேளுங்கள்.

மாத வாடகை 36,000 ரூபாய் என்று கொண்டால், மூன்று மாத டெபாசிட் 1,08,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 36,000, முதல் மாத வாடகை 36,000 என மொத்தம் 1,80,000 ரூபாய் தேவைப்படும். மூவருக்குத் தலா 60,000. முதல் சம்பளத்துக்கு முன்பே இதில் பெரும்பகுதி தேவைப்படலாம் என்பதை வீட்டாரிடம் வெளிப்படையாகப் பேசிவையுங்கள்.

படி 5: ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்

இங்கே வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதங்களுக்கு, "லீவ் அண்ட் லைசென்ஸ்" என்ற பெயரில் எழுதப்படுகிறது. 11 மாதம்தானே, பதிவு வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999, பிரிவு 55-இன்படி அதை எழுத்தில் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. ஆதார், கைரேகை கொண்டு இணையவழியிலேயே பதிவு செய்யலாம். கையெழுத்திடும் முன் நான்கு இடங்களை நிறுத்திப் படியுங்கள்: லாக்-இன் காலம் (இடையில் காலி செய்ய முடியாத குறைந்தபட்சக் காலம்), காலி செய்யும் முன் எத்தனை நாள் அறிவிப்பு, டெபாசிட் திரும்பக் கிடைக்கும் நாள், வண்ணம் பூசும் செலவு யாருடையது என்பது. வாடகைதாரர் விவரம் காவல் துறைக்குத் தரப்பட்டதா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 6: மழையை நினைத்துக் குடியேறுங்கள்

புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் பலர் ஜூன், ஜூலையில்தான் வந்து இறங்குகிறார்கள், பருவமழையும் அப்போதுதான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்த ஊர் இது. தரைத்தள வீடென்றால், மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று உரிமையாளரை விடக் காவலாளியிடமும் எதிர்க்கடைக்காரரிடமும் கேளுங்கள். சான்றிதழ்களை நெகிழி உறையில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

சாவி கைக்கு வந்த அன்றே, பெட்டிகளைப் பிரிக்கும் முன், சுவரின் ஈரக்கறைகளையும் உடைந்த தாழ்ப்பாள்களையும் மின் மீட்டரின் எண்ணையும் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.