ஸ்பிரிங்கை மாற்றாமலே காரை இறுக்குவது எப்படி

வளைவில் கார் படகு மாதிரி சாய்கிறது. பிரேக் பிடித்தால் மூக்கைக் குத்துகிறது. ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் பின்பக்கம் ரெண்டு தடவை ஆடித்தான் அடங்குகிறது. இதைக் கேட்டதும் யாராவது ஒருவர் "லோயரிங் ஸ்பிரிங் போடுங்க" என்பார், அதாவது காரைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங். 60,000 கி.மீ. தாண்டிய ஸ்விஃப்ட், ஐ20, டியாகோ வகை ஹேட்ச்பேக்கில் பெரும்பாலும் ஸ்பிரிங் நன்றாகவே இருக்கும். தேய்ந்திருப்பது ரப்பரும் ஷாக் அப்சர்பரும்தான்.

பெங்களூரில் காரை இறக்குவது கூடுதல் தொல்லை. ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மி.மீ. அதில் 35 மி.மீ. குறைத்தால் மிச்சம் 128. நாலு பேர் ஏறினால் இன்னும் குறையும். வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்கிறது இந்திய சாலைகள் காங்கிரஸ். நம் லேஅவுட்களின் குறுக்குத் தெருக்களில் இருப்பவை அந்த அளவைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆகவே காசை இந்த வரிசையில் செலவழியுங்கள்: டயர், புஷ் (இரும்பு இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறை), ஷாக்ஸ் (ஷாக் அப்சர்பர்), அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது).

டயரில் முதலில் காற்று. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். முன்பக்கம் 2 பி.எஸ்.ஐ. கூட்டினாலே ஸ்டீயரிங் சுறுசுறுப்பாவது தெரியும். அடுத்து பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்க எண்: 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரம். ஆறு வருடம் தாண்டி ரப்பர் கல்லாகிவிட்ட டயரை வைத்துக்கொண்டு சஸ்பென்ஷனுக்குச் செலவு செய்வது வீண். ஸ்விஃப்ட்டின் கீழ் வேரியன்ட்டில் வரும் 165/80 ஆர்14-க்குப் பதில், அதே காரின் மேல் வேரியன்ட்டில் வரும் 185/65 ஆர்15 போடலாம். மொத்த விட்டம் சுமார் 2 மி.மீ.தான் கூடும், ஸ்பீடோமீட்டர் பிசகாது. பக்கச்சுவரோ 132-இலிருந்து 120 மி.மீ.க்குக் குறைகிறது. வளைவில் நெளிவது அந்தச் சுவர்தான். இந்த வேலைக்கு ரிம்மும் மாற வேண்டும் என்பதால், டயர் மாற்றும் வேளை வந்தால் மட்டும் யோசியுங்கள்.

புஷ் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறும்படி பத்து கி.மீ. வேகத்தில் மேடு பள்ளத்தில் விடுங்கள். "கடக் கடக்" என்றால் லிங்க் ராடாக இருக்கலாம், சாய்வைத் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரை சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு கம்பி அது. பானெட்டைத் திறந்து, ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்ஸும் சேர்ந்த முன் தூண்) மேல்முனையைப் பிடிக்கும் மவுண்ட் மேல் கையை வையுங்கள், இன்னொருவர் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பட்டும். "டங்" என்று ஸ்பிரிங் துள்ளினால் மவுண்ட் பேரிங் போய்விட்டது. சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின் புஷ்ஷை டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பரில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தால் பிரேக் போடும்போது சக்கரம் பின்னால் நகர்கிறது என்று பொருள். லிங்க் ராடு ஜோடி ஒரு டேங்க் பெட்ரோல் காசுக்குள் முடியும். கொடுத்த காசுக்கு இவ்வளவு வித்தியாசம் காட்டும் பாகம் வேறில்லை. ஸ்டெபிலைசர் பாரைப் பிடிக்கும் டி-புஷ்ஷை மட்டும் ரப்பரைவிடக் கடினமான பாலியூரிதேனில் போடலாம், சிலிகான் கிரீஸ் தடவி, இல்லாவிட்டால் கீச்சிடும். மற்றவை ரப்பரிலேயே இருக்கட்டும்.

ஷாக்ஸ் போனதா என்று பார்க்க காரின் ஒரு மூலையை அழுத்தி விடுவார்கள். முழுக்கச் செத்த ஷாக்ஸைத்தான் அது காட்டிக்கொடுக்கும். பாதி செத்ததைக் கண்டுபிடிக்க, பின் டயரின் மேல் உள்ளங்கையைச் சுற்றுவாக்கில் ஓட்டுங்கள். மேடும் குழியுமாக அலை தட்டுப்பட்டால் டயர் தரையில் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. ஸ்ட்ரட் உடம்பில் எண்ணெய் ஈரம் வழிந்திருந்தால் வேறு சோதனையே வேண்டாம்.

வாங்கும்போது கேஸ் நிரப்பிய வகையைக் கேளுங்கள். தொடர்ந்து குழிகளில் அடிபட்டாலும் உள்ளே எண்ணெய் நுரைப்பது குறையும். ஒரு ஆக்ஸிலுக்கு எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கூடவே பம்ப் ஸ்டாப்பர் (ஷாக்ஸ் அடிவரை அமுங்கும்போது இடியைத் தாங்கும் கட்டை), டஸ்ட் கவர், மவுண்ட், பேரிங். இவற்றை மிச்சம் பிடித்தால் மறுபடி அதே கூலி. மொத்த பட்ஜெட் 25,000 ரூபாய் என்று வைத்தால், பாதிக்கு மேல் இந்தத் தொகுப்புக்கு ஒதுக்குங்கள்.

வேலை தொடங்குமுன் சமதளத்தில் நிறுத்தி, நாலு சக்கரத்திலும் நடுமையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவியுங்கள். நக்கிளை (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) ஸ்ட்ரட்டோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டின் நிலையைப் பெயின்டால் குறித்த பிறகே கழற்றுங்கள், இல்லையென்றால் கேம்பர், அதாவது சக்கரத்தின் செங்குத்துச் சாய்வு, மாறிவிடும். நக்கிளைக் கம்பியால் கட்டிவிடுங்கள். வெளியே சாய்ந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் பிடுங்கிக்கொள்ளும்.

உயிருக்கு ஆபத்தான இடம் அடுத்தது. ஸ்பிரிங் கம்ப்ரெஸரை எதிரெதிரே இரண்டு பக்கமும் மாட்டி, மாறி மாறி இறுக்கி, ஸ்பிரிங் இருக்கையில் தளர்ந்து சுழலும் வரை ஸ்ட்ரட்டின் உச்சியில் உள்ள நடு நட்டைத் தொடக் கூடாது. சில மாடல்களில் பானெட்டுக்குள் தெரிவதே அந்த நட்டாக இருக்கும், மேனுவலைப் பாருங்கள். புது ஷாக்ஸை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுக்க அழுத்தி இழுத்து உள்காற்றை வெளியேற்றுங்கள். ராடைப் பிளையரால் பிடித்தால் குரோமில் கீறல் விழும், அந்தக் கீறல் சீலை அறுக்கும், மழைக்காலம் முடியுமுன் ஒழுகும். ஸ்பிரிங்கின் முனை இருக்கையின் படியில் சரியாக உட்கார வேண்டும்.

பின்னால் டார்ஷன் பீமில் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை உத்தரம்) வேலை சுலபம். பீமை ஜாக்கியில் தாங்கியபடி ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போங்கள்.

பல பட்டறைகளில் கெடுவது கடைசிக் கட்டத்தில். லோயர் ஆர்ம் புஷ்ஷின் ரப்பர் இரும்போடு ஒட்டியது. சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே நிற்கும்; சில மாதத்தில் கிழியும். "அண்ணா, வண்டி எடை சக்கரத்துல இறங்கின பிறகு புஷ் போல்ட்டை டைட் பண்ணுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரேம்ப் இல்லையென்றால், லோயர் ஆர்மை ஜாக்கியால் முன்பு எழுதிவைத்த உயரத்துக்குத் தூக்கிவிட்டு இறுக்கலாம்.

அன்றைக்கே அலைன்மென்ட். முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யத்தை ஒட்டியே இருக்கட்டும். அலைன்மென்ட்டுக்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகளின் பிரின்ட்அவுட் வாங்குங்கள்.

ஸ்பிரிங் சுருளை வெட்டித் தருகிறோம் என்பவரிடம் நிற்காதீர்கள். சுருள் குறைந்தால் ஸ்பிரிங் இறுகும், உண்மைதான். ஆனால் வெட்டிய முனை இருக்கையில் உட்காராது, ஷாக்ஸ் எப்போதும் பம்ப் ஸ்டாப்பர் மேலேயே வேலை செய்யும். ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தடுக்கிறது. சுருளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரும் இதே வீட்டுப் பிள்ளைதான்: ஸ்பிரிங் இறுகும், ஷாக்ஸ் அதற்கு ஈடுகொடுக்காது, வண்டி குதிக்கும்.

சோதிக்க எலெக்ட்ரானிக் சிட்டி எலிவேட்டட் மேம்பாலச் சாலை போதும். பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் "டக்" என்று ஒரே சத்தத்தோடு அடங்க வேண்டும். சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மூக்குக் குத்துவது குறைந்திருப்பது தெரியும். 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். அதற்குள் முன்னால் "டொக்" சத்தம் கேட்டால் பழி புது ஷாக்ஸ் மேல் விழும். முதலில் லிங்க் ராடு நட்டும் ஸ்ட்ரட் மேல் நட்டும் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.