ஆசிரியரின்றி உயர்தர விஞ்ஞானப் பாடங்களைப் படிக்கும் முறை

பாடசாலையில் பௌதிகவியலுக்குத் தமிழ்மொழிமூல ஆசிரியர் கிடைக்காத மலையகத்து மாணவர், பாடசாலையிலிருந்து விலகி இரண்டாம் அல்லது மூன்றாம் முறை தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுபவர், ரியூசனுக்காக நகரம்வரை சென்றுவர வசதியில்லாதவர் எனப் பலரும் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கான க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் விஞ்ஞானப் பாடங்களைத் தாமாகவே படிக்கின்றனர். அவர்கள் முதலில் தேடுவது விளக்கந்தரும் நூல்களையும் காணொளிகளையும்தான். விளக்கம் இன்று ஓரளவு எளிதாகவே கிடைக்கிறது. எழுதிய விடையை வாசித்து, இந்த வரிக்குப் புள்ளி உண்டு, அந்த வரிக்கு இல்லை என்று சொல்வதற்குத்தான் ஆளில்லை. அந்த வேலையைத் தாமே செய்யப் பழகிக்கொள்பவரே தனியாகப் படித்து முன்னேற முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில், தேசிய கல்வி நிறுவகம் வெளியிட்ட பாடத்திட்டத்தையும் வளநூல்களையும், பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்களையும் புள்ளியிடும் திட்டங்களையும் திரட்டிக்கொள்ளுங்கள். பாடத்திட்டத்தில் ஒவ்வோர் அலகுக்கும் எத்தனை பாடவேளைகள் ஒதுக்கப்பட்டுள்ளன என்பது குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் நேரத்தையும் அதே விகிதத்திற் பங்கிடுவது நல்லது. பௌதிகவியலின் 11 அலகுகளில் அளவீட்டையும் பொறியியலையும் (விசை, இயக்கம் பற்றிய அலகு) முதலில் முடிக்க வேண்டும், ஏனெனில் அலைவுகளும் ஈர்ப்புப் புலமும் நிலைமின் புலமும் அவற்றின் மீதே கட்டப்பட்டுள்ளன. இலத்திரனியலைத் தனியே எடுத்துப் படிக்கலாம். இரசாயனவியலில் மூல் கணிப்பு உறுதியாகும்வரை சமநிலைக்குச் செல்ல வேண்டாம். சேதன இரசாயனத்தை மட்டும் தொடக்கத்திலிருந்தே வாரந்தோறும் சிறிது சிறிதாகப் படித்து வாருங்கள், கடைசி மாதங்களில் அதனை மொத்தமாக மனத்தில் ஏற்ற முடியாது.

ஓர் அலகு முடிந்ததும் அதற்குரிய கடந்தகால வினாக்களைப் புத்தகத்தை மூடிவைத்து, நேரங்குறித்து எழுதுங்கள். எழுதியவுடன் திருத்த வேண்டாம். எழுதிய சூட்டில் வாசிக்கும்போது, மனத்தில் இருந்ததையெல்லாம் தாளிலும் இருப்பதாகவே கண் காணும். மறுநாள் வேறு நிறப் பேனாவுடன், புள்ளியிடும் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேறொருவரின் விடைத்தாளைப் போல வாசியுங்கள். திட்டம் கேட்கும் கருத்து தாளில் எழுத்தாக இல்லையெனில் புள்ளி இல்லை; "இது எனக்குத் தெரியும்" என்பதற்குப் புள்ளி வழங்கக் கூடாது. இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே, தெரியாமல் இழந்ததா, தெரிந்தும் எழுதாமல் விட்டதா, கணிப்பிற் பிழைத்ததா, வினாவைத் தவறாக வாசித்ததா என்று குறியுங்கள். தெரியாததற்கு மருந்து வளநூல். கணிப்புப் பிழைக்கு மருந்து கைப்பழக்கம். தெரிந்தும் எழுதாமல் விட்டவை, அதாவது அலகு, திசை, தாக்க நிபந்தனை, எடுகோள் போன்றவை, தனியாகப் படிப்பவரிடம் மிகுந்திருக்கும். அவற்றை ஒரு கொப்பியிற் சேர்த்து, அடுத்த வினாத்தாளை எழுத அமரும் முன் வாசித்துக்கொள்ளுங்கள்.

செய்முறை வினாக்களில் இதன் பயன் நன்கு தெரியும். பௌதிகவியல் இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரைப் பகுதியில் நான்கு வினாக்களுக்கும் விடையளித்தே ஆக வேண்டும். பரிசோதனை அறிவை ஆழமாகச் சோதிப்பது அந்தப் பகுதியே. நீரில் அமிழ்த்திய குழாயினுள் உள்ள காற்று ஒலியுடன் பரிவுறும் நீளத்தைக் கொண்டு ஒலிவேகத்தை அளக்கும் பரிவுக் குழாயை எடுத்துக்கொள்வோம். அடிப்படைப் பரிவை எவ்வாறு உறுதிப்படுத்துவீர்கள் என்ற வினாவுக்கு "பரிவு கேட்கும் வரை குழாயை உயர்த்துவேன்" என்று எழுதினால் போதாது. குழாயின் நீளத்தைப் பூச்சியத்திலிருந்து படிப்படியாகக் கூட்டும்போது முதன்முதலாக உரத்த ஒலி கேட்கும் நிலை என்று எழுத வேண்டும். வெவ்வேறு மீடிறன்களுக்கு இவ்வாறு கிடைக்கும் நீளத்தை மீடிறனின் தலைகீழ்ப் பெறுமானத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். அதன் படித்திறன் ஒலிவேகத்தின் நான்கிலொரு பங்கு, வெட்டுத்துண்டு தருவது முனைத்திருத்தம். ஆய்வுகூடம் இல்லாதவரும் இதை வீட்டிற் செய்து பார்க்கலாம். இரு முனையும் திறந்த ஒடுங்கிய பிளாஸ்டிக் குழாயொன்றை நீர் நிரம்பிய வாளியில் அமிழ்த்தி, தொலைபேசிச் செயலி எழுப்பும் 512 ஹேட்ஸ் ஒலியை அதன் வாயருகே பிடித்து மெல்ல உயர்த்தினால், நீர்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 16 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒலி திடீரென உரத்துக் கேட்கும். காதாற் கேட்டதைப் பரீட்சையில் தயக்கமின்றி எழுதலாம்.

பல்தேர்வுக்கு வேறு பயிற்சி வேண்டும். 50 வினாக்கள், 2 மணித்தியாலம், கணிப்பானுக்கு அனுமதியில்லை; ஒரு வினாவுக்குச் சராசரியாக 2 நிமிடமும் 24 செக்கனுமே உண்டு. ஆகவே வீட்டிலும் கணிப்பானைத் தொடாதீர்கள். பின்னங்களைச் சுருக்குவதையும், பத்தின் வலுக்களைத் தனியே கூட்டிக் கழிப்பதையும் கைக்குப் பழக்குங்கள். இரசாயனவியலில் 31 முதல் 40 வரையான வினாக்களில் நான்கு கூற்றுகளையும் ஒவ்வொன்றாகச் சரி அல்லது பிழை என்று குறித்த பின்னரே, எந்தக் கூற்றுகள் சரியெனில் எது விடை என்று காட்டும் தெரிவு அட்டவணையைப் பார்க்க வேண்டும். 41 முதல் 50 வரையானவற்றில் இரு கூற்றுகளும் உண்மையாக இருந்தாலும் இரண்டாவது முதலாவதை விளக்குகிறதா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விரும்பிய பாடத்திலேயே மூழ்கிவிடும் ஆபத்தும் தனியாகப் படிப்பவருக்கு உண்டு. இசட் புள்ளி என்பது உங்கள் புள்ளிக்கும் அப்பாடத்தின் சராசரிக்கும் உள்ள வேறுபாட்டை நியம விலகலால் வகுத்துப் பெறுவது. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று பாடங்களின் சராசரி இசட் புள்ளியே எடுக்கப்படுகிறது, மூன்றிலும் ஒரே தடவையிற் சித்தியும் வேண்டும். ஆகவே திருத்திய தாள்களின் புள்ளிகளைப் பாடவாரியாகக் குறித்துவைத்து, பின்தங்கிய பாடத்துக்குக் காலையின் முதல் மணித்தியாலங்களைக் கொடுங்கள்.

உயிரியல் கட்டுரைகளைத் தாமே திருத்துவது கடினம், ஏனெனில் ஒரே கருத்தைப் பல சொற்களில் எழுதலாம். மாதத்துக்கு ஒருமுறையாவது அயலிலுள்ள ஆசிரியர் ஒருவரிடமோ பல்கலைக்கழக மாணவரிடமோ இரண்டு கட்டுரைகளைக் கொடுத்துத் திருத்தித் தரும்படி கேளுங்கள். பாடத்தை முழுமையாகக் கற்பிக்க நேரமில்லாதவரும் இரண்டு தாள்களைப் பார்த்துத்தர மறுக்கமாட்டார்.