கொடியை வெட்ட மூன்று நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் 21 வருடமாக மிட்வைஃப் (மருத்துவச்சி) வேலை செய்கிறேன். லயத்துக்கு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஏறி இறங்கும்போது பிள்ளைத்தாய்ச்சிகளிடம் நான் தவறாமல் சொல்வது இது: பிள்ளை பிறந்த கையோடு தொப்புள் கொடியை வெட்ட விடாதீர்கள்.

பிள்ளை வெளியே வந்த பிறகும் கொடி துடித்துக்கொண்டிருக்கும். தொட்டால் நாடி பிடித்த மாதிரி தெரியும். தாயின் வயிற்றுக்குள் இன்னும் கிடக்கும் நச்சுக்கொடியில் இருக்கிற இரத்தம் அப்போது பிள்ளைக்கு இறங்குகிறது. மாதம் நிறைந்த பிள்ளைக்கு மூன்று நிமிடத்தில் 100 மில்லிலீற்றர் அளவுக்குப் போகும். அரைக் கிளாஸ் பிளேன்டி (பால் விடாத தேத்தண்ணீர்) அளவுதானே என்று நினைக்காதீர்கள். மூன்று கிலோ பிள்ளையின் உடம்பில் மொத்த இரத்தமே 250 மில்லிலீற்றர் சொச்சம்தான். அதோடு சேரும் இரும்புச்சத்து ஆறு மாதம் வரை கைகொடுக்கும். தாய்க்கே இரத்தம் பத்தாத நம் தோட்டங்களில் இதை எப்படி விட முடியும்?

ஒரு நிமிடத்துக்கு முன் வெட்ட வேண்டாம், மூன்று நிமிடம் வரை பொறுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எங்கள் அம்மாயி லயத்துக் காம்பராவில் (அறையில்) பிள்ளை எடுத்தவர். கொடி வெளுத்துத் துவளும்வரை கத்தியைத் தொடமாட்டார். ஆனால் வெட்டிய இடத்தில் சாம்பல் வைப்பார். அதை மட்டும் செய்யாதீர்கள், எண்ணெயும் மஞ்சளும் கூட வேண்டாம். தொப்புள் காய்ந்து சுத்தமாக இருந்தால் போதும்.

வலியோடு கிடக்கும்போது யாருக்கும் வாய் வராது. அதனால் எட்டாம் மாதக் கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கள்: "டொக்டர், பிள்ளை நல்லா அழுதால் கொடியைக் கொஞ்சம் பொறுத்து வெட்டுங்க." சிங்களம் வராது என்று கூச்சப்பட வேண்டாம், உங்கள் மிட்வைஃபிடம் சொல்லிக் கார்டில் எழுதி வாங்குங்கள். சிசேரியன் என்றாலும் கேட்கலாம். குறைமாதப் பிள்ளைக்கு இதில் நன்மை இன்னும் கூட. பிள்ளை மூச்செடுக்கவில்லை, தாய்க்கு இரத்தம் கொட்டுகிறது என்பது போன்ற அவசரம் என்றால் உடனே வெட்டுவார்கள். அப்போது வாதாட வேண்டாம்.

நம்மூர்க் குளிரில் அந்த மூன்று நிமிடமும் பிள்ளை ஈரத்தோடு கிடக்கக் கூடாது. துவைத்துக் காய்ந்த துணி இரண்டும் ஒரு தொப்பியும் கொண்டுபோங்கள். துடைத்து, தாயின் வெறும் நெஞ்சில் போட்டு மூடினால் சரி. பிள்ளையைத் தாழ்த்திப் பிடிக்கத் தேவையில்லை, இரத்தம் போகும்.

1990 என்ற எண்ணுக்கு அழைத்த அம்புலன்ஸ் வண்டி வருவதற்குள் லயத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டால் பிளேடும் நூலும் தேடி ஓடாதீர்கள். கொடியை இழுக்கவும் வேண்டாம். தாயையும் பிள்ளையையும் ஒரே கம்பளியில் போர்த்தி, கொடியோடேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

பொறுத்து வெட்டிய பிள்ளைகளில் சிலருக்கு மஞ்சள் காமாலை சற்றுக் கூடலாம். காம்பரா இருட்டில் அது தெரியாது. முதல் வாரம் தினமும் பிள்ளையை வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். முதல் நாளே மஞ்சள் கண்டாலும், உள்ளங்கால் வரை இறங்கினாலும், பால் குடிக்காமல் தூங்கியே கிடந்தாலும் நான் வரும் நாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.